மீன் தூளா, இறைச்சித் தூளா? மசாலா முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

கிள்ளான் பள்ளத்தாக்கில் மசாலா அரைத்து, பருப்பு பிரித்து, அப்பளமும் முறுக்கும் பாக்கெட் போட்டு விற்கும் முதலாளிமார்களுக்கும், அவற்றை வாங்கி அடுக்கி வைக்கும் மளிகைக் கடைக்காரர்களுக்கும்,

வணக்கம்.

போன தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி எங்கள் வீட்டு ஆட்டுக்கறியில் மீன் கறித்தூள் விழுந்துவிட்டது. போட்டது நான்தான். ஆனால் பழி முழுக்க என் மேல் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நானும் என் வீட்டுக்காரரும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறோம். இரண்டு பேருக்கும் பார்வை கிடையாது. நான் 19 வயது வரை பார்த்தவள். அவருக்குப் பிறவியிலேயே இல்லை. நான் தொலைபேசி ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றேன், அவர் இன்னும் மசாஜ் வேலைக்குப் போகிறார். சமையல் என் பொறுப்பு. 'கண் தெரியாமல் எப்படிச் சமைக்கிறீர்கள்?' என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். சமைப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. எண்ணெய் காய்ந்ததைக் காது சொல்லும், வெங்காயம் வதங்கியதை மூக்கு சொல்லும். கஷ்டமெல்லாம் அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்னால், அலமாரிக் கதவைத் திறக்கிறபோதே ஆரம்பித்துவிடுகிறது.

உங்கள் மீன் கறித்தூள் பாக்கெட்டையும் இறைச்சிக் கறித்தூள் பாக்கெட்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை தடவிப் பாருங்கள். ஒரே அளவு, ஒரே எடை, ஒரே வழவழப்பு, மேல் ஓரத்தில் ஒரே மாதிரி பல்வெட்டு. ஒன்றில் மீன் படம் இருக்கிறதாம், இன்னொன்றில் ஆட்டின் படமாம். ஒட்டி மூடிய பாக்கெட்டில் வாசனையும் வெளியே வராது. அப்படியே கொஞ்சம் கசிந்தாலும், அலமாரி முழுக்க மசாலா இருக்கிற வீட்டில் எது எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடிக்க நாய் மூக்கு வேண்டும்.

பல வருடம் ரப்பர் பேண்டில்தான் காலம் ஓட்டினேன். கடைப் பையனிடம் கேட்டு, அங்கேயே மீன் தூளுக்கு ஒன்று, இறைச்சித் தூளுக்கு இரண்டு என்று போட்டுக்கொண்டு வருவேன். நம் ஊர் வெக்கையில் ரப்பர் பேண்டு இரண்டு மாதத்தில் இளகி ஒட்டிக்கொள்ளும், இல்லை அறுந்து விழும். ஒரே ஒரு பேண்டு இருக்கிற பாக்கெட் மீன் தூளா, ஒன்று அறுந்துபோன இறைச்சித் தூளா? இதை வைத்து எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதங்கள் கொஞ்சமல்ல.

அப்புறம் கைப்பேசி வந்தது. பாக்கெட்டின் பார்கோடைக் காட்டினால் பொருளின் பெயரைப் படித்துச் சொல்லும் செயலிகள் வந்தன. மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏஐ 2017இல் ஐபோனுக்கு வந்தது. 2023 கடைசியில் ஆண்ட்ராய்டுக்கும் வந்துவிட்டது, அதுவும் இலவசமாக. பார்வை இல்லாதவர் பார்கோடை எப்படித் தேடிப் பிடிப்பார் என்று யோசித்து, கோடுகளை நெருங்க நெருங்க பீப் சத்தம் வேகமாகும்படி அதைச் செய்திருக்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும். கைப்பேசியை ஒரு கையில் ஒரு சாண் உயரத்தில் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாக்கெட்டை மெதுவாகத் திருப்ப வேண்டும். முன்பக்கம் இல்லை. பின்பக்கம் திருப்பினால் பீப். இன்னும் கொஞ்சம். பீப் பீப். வந்துவிட்டது என்று நினைக்கும்போது கோடுகள் பாக்கெட்டை ஒட்டிய தையலுக்குள் மடங்கிக் கிடக்கும். விரலால் நீவி விட வேண்டும். நீவினால் மினுமினுக்கும் பிளாஸ்டிக்கில் கலிமந்தாங் குழல் விளக்கு பட்டுக் கண்ணைக் கூசவைக்கும், என் கண்ணை அல்ல, கைப்பேசியின் கண்ணை. சன்னல் பக்கம் போய்த் திரும்பவும் முதலிலிருந்து. ஒரு பாக்கெட்டுக்குச் சில சமயம் மூன்று நிமிடம் ஆகும். பொறுமையை நான் கடனாக வாங்க வேண்டியதில்லை, அது கைவசம் நிறையவே இருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு அது என்ன சொல்லும்? வெளிநாட்டு பிஸ்கட் என்றால் பெயர், சுவை, எத்தனை கிராம் என்று கடகடவென ஒப்பிக்கும். பெரிய கம்பெனி சார்டின் டின்னும் பரவாயில்லை. நம் ஆட்கள் போடும் மசாலாவைக் காட்டினால் பெரும்பாலும் 'இந்தப் பொருள் தெரியவில்லை.' ஏழு கடல் தாண்டி வந்த பிஸ்கட் என் சமையலறையில் பேசுகிறது, கூப்பிடு தூரத்தில் அரைத்த மிளகாய்த்தூள் வாயே திறக்க மாட்டேன் என்கிறது.

சரி, அதற்கும் வழி இருந்தது. என் செயலியில், பெயர் தெரியாத எண்ணுக்கு நானே என் குரலில் பெயர் பதிந்து வைக்கலாம். எதிர் வீட்டுப் பெண்ணை உட்கார வைத்து, அவள் ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்துக்கொடுக்க, நான் 'இறைச்சிக் கறித்தூள்', 'மல்லித்தூள்', 'ரசப்பொடி' என்று பதிந்துகொண்டே வந்தேன். ஒரு முறை செய்தால் போதும், அதே பொருளை எத்தனை தடவை வாங்கினாலும் கைப்பேசி அடையாளம் சொல்லும். ரப்பர் பேண்டுகளை எல்லாம் குப்பையில் போட்டேன். அங்கேதான் பிழை.

தீபாவளிக்கு முதல் நாள் எனக்கு நல்ல சளி, மூக்கு அடைத்துக் கிடந்தது. இல்லாவிட்டால் பாக்கெட்டை வெட்டிய மாத்திரத்தில் தெரிந்திருக்கும். மீன் தூளில் வெந்தயம் தூக்கலாக இருக்கும், இறைச்சித் தூளில் பட்டையும் கிராம்பும். மூக்கை நம்ப முடியாத அன்று கைப்பேசியை நம்பினேன். ஸ்கேன் செய்தேன். 'இறைச்சிக் கறித்தூள்' என்றது, என் குரலிலேயே. நான்கு மேசைக்கரண்டி போட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வீட்டுக்காரர் ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆடு கடலில் குளித்துவிட்டு வந்திருக்கிறது."

மறுநாள் எதிர் வீட்டுப் பெண் வந்து இரண்டு பாக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கோடுகளுக்குக் கீழே இருந்த எண்ணை வாசித்தாள். ஒன்பது, ஐந்து, ஐந்து என்று தொடங்கி 13 இலக்கமும் ஒன்றேதான். மீனுக்கும் ஆட்டுக்கும் ஒரே எண். கைப்பேசி பொய் சொல்லவில்லை, பாவம். நான் கற்றுக்கொடுத்ததைத்தான் சொன்னது.

வாங்கிய கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரருக்கு என்னைப் பல வருடமாகத் தெரியும். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டும் ஒரே விலைதானே ஆன்ட்டி. மெஷினுக்கு அது போதும். கம்பெனியில அப்படித்தான் அடிச்சிருக்காங்க."

முதலாளிமார்களே, அந்த 'அது போதும்' என்ற இடத்தில்தான் நமக்குள் வழக்கு.

1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்தின் ட்ராய் என்ற சின்ன ஊரில், ஒரு சூயிங்கம் பாக்கெட்டின் பார்கோடைத்தான் கடைக் கவுண்டரில் முதல்முதலாக ஸ்கேன் செய்தார்கள். அன்றைக்கு அது கல்லாவுக்காக வந்த சமாச்சாரம்தான். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கு அதே கோடுகளைப் படிக்கிற இயந்திரம் என் கைப்பையிலும் இருக்கிறது. கல்லாவுக்கு விலை தெரிந்தால் போதும், எனக்குப் பெயர் தெரிய வேண்டும். கோடுகளுக்குள் பெயர் கிடையாது, விலையும் கிடையாது, எண் மட்டும்தான். அந்த எண்ணைக் கொண்டுபோய் ஏதாவது ஒரு பட்டியலில் தேடித்தான் செயலி பெயரைச் சொல்கிறது. நீங்கள் எண்ணைப் பிழையாகக் கொடுத்தாலோ, பட்டியலில் பெயரைக் கொடுக்காமல் விட்டாலோ, எவ்வளவு உயர்ந்த கைப்பேசி இருந்தாலும் பயனில்லை.

955 என்று தொடங்கும் எண்கள் ஜிஎஸ்1 மலேசியா கொடுப்பவை. உலக முழுக்க இந்த எண்களை நிர்வகிக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் நம் நாட்டுக் கிளை அது. (955 என்றால் மலேசியாவில் தயாரானது என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணை வாங்கிய கம்பெனி இங்கே பதிந்தது என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம்.) அவர்களுடைய விதியே பொருளுக்கு ஓர் எண் என்பதுதான். மீன் தூளுக்கு ஒன்று, இறைச்சித் தூளுக்கு வேறொன்று. 250 கிராமுக்கு ஒன்று, 1 கிலோவுக்கு வேறொன்று. விலை ஒன்றா இல்லையா என்பது கேள்வியே இல்லை. ஆக, நான் சலுகை கேட்கவில்லை. நீங்கள் காசு கட்டிச் சேர்ந்த அமைப்பின் விதியைத்தான் நினைவுபடுத்துகிறேன்.

அதோடு, அந்த எண்ணுக்குப் பின்னால் விவரம் பதிந்து வைக்கும் வசதியும் ஜிஎஸ்1இல் உண்டு. ஏழே ஏழு விவரம்: எண், பிராண்டின் பெயர், பொருளின் விளக்கம், ஒரு படம், என்ன வகைப் பொருள், எவ்வளவு எடை, எந்த நாட்டில் விற்பனை. ஒரு பொருளுக்குப் பத்து நிமிட வேலை. உங்கள் ஆபீசில் கணக்கு எழுதும் பிள்ளை மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடும். பொருளின் விளக்கம் என்ற இடத்தில் தயவுசெய்து 'மசாலா' என்று மட்டும் போடாதீர்கள். 'மீன் கறித்தூள், 250 கிராம்' என்று முழுசாகப் போடுங்கள். ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் என்று ஒரு பொதுப் பட்டியலும் இருக்கிறது. 2012இல் பிரான்சில் தொடங்கி, தன்னார்வலர்கள் வளர்த்து வருவது. யார் வேண்டுமானாலும் பாக்கெட்டைப் படம் எடுத்து அதில் சேர்க்கலாம், எந்தச் செயலியும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எதிர் வீட்டுப் பெண்ணும் அவள் தம்பியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அலமாரியில் பாதியை அதில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு கெட்டி உருண்டை, ஆளுக்கொரு மைலோ. செலவு அவ்வளவுதான்.

இரவல் எண் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்கும் சில பேர், எண் வாங்காமல் எங்கிருந்தோ ஒரு பார்கோடை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள் போல. ஒரு தடவை முறுக்கு பாக்கெட்டை ஸ்கேன் செய்தேன், 'நாய்க்கான சோப்பு' என்றது கைப்பேசி. முறுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதல் முறுக்கைக் கடிப்பதற்கு முன்னால் நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் யோசித்தோம்.

கடைக்காரர்களே, உங்களுக்கும் ஒன்று. மூட்டையில் வரும் பருப்பையும் சீரகத்தையும் நீங்களே பிரித்து, நிறுத்து, கடையின் இயந்திரத்தில் ஸ்டிக்கர் அடித்து ஒட்டுகிறீர்கள். அந்த எண் பெரும்பாலும் 2 என்று தொடங்கும். கடைக்குள்ளே மட்டும் செல்லுபடியாகும் எண்களுக்காக ஒதுக்கிய தொடக்கம் அது. அதே எண் உங்கள் கடையில் துவரம்பருப்பு, அடுத்த கடையில் கோழிக்கால். வெளியே எந்தப் பட்டியலிலும் அது கிடைக்காது. அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஸ்டிக்கரில் பொருளின் பெயரைக் கொஞ்சம் பெரிதாக, தெளிவாக அடித்தால், எழுத்தைப் படிக்கும் செயலி படித்துவிடும். விலையை மட்டும் யானை சைசில் அடித்துவிட்டு, பெயரை மூன்றெழுத்தில் சுருக்கிவிடுகிறீர்கள். அப்புறம் ஒன்று, கம்பெனி அடித்த பார்கோடின் மேலேயே உங்கள் ஸ்டிக்கரை ஒட்டாதீர்கள். நகத்தால் சுரண்டிச் சுரண்டி எனக்கு நகப்பூச்சே தேவைப்படவில்லை.

அச்சு விஷயம். கோடுகளைத் தையல் மேல் போடாதீர்கள், பின்பக்கம் நடுவில் தட்டையான இடத்தில் போடுங்கள். எல்லாப் பாக்கெட்டிலும் ஒரே இடமாக இருந்தால் இன்னும் நல்லது, கை பழகிவிடும். கோடுகளின் இரண்டு பக்கமும் வெற்றிடம் விட வேண்டும், அதில் பூ வேலை செய்யக்கூடாது. சின்ன டின்னிலும் புட்டியிலும் கோடுகள் ஏணிப்படி மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருக்க வேண்டும். வேலிக் கம்பு மாதிரி நின்றால் வளைவில் பாதி மறைந்துவிடும். இதெல்லாம் உங்கள் கல்லாவுக்கும் நல்லதுதான். கவுண்டரில் அந்தப் பெண் ஊறுகாய் புட்டியை எட்டுத் தடவை தேய்த்துவிட்டுக் கடைசியில் எண்ணைக் கையால் தட்டுவது என் காதில் விழாமல் இல்லை.

"இப்போதுதான் ஏஐ வந்துவிட்டதே, படம் எடுத்தால் எல்லாம் சொல்லிவிடுகிறதாமே" என்று கேட்பீர்கள். வந்துவிட்டது, நானும் வைத்திருக்கிறேன். பீ மை ஐஸ் என்ற செயலியில் 2015இலிருந்து பார்வை உள்ள தன்னார்வலர்கள் வீடியோவில் பார்த்துச் சொல்லி வந்தார்கள். 2023இலிருந்து அதில் ஏஐயும் படத்தைப் பார்த்து வர்ணிக்கிறது. பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் கசங்கிய மசாலா பாக்கெட்டைக் காட்டிப் பாருங்கள். எனக்கு ஒரு முறை கிடைத்த பதில்: சிவப்பும் மஞ்சளும் கலந்த அழகிய பாக்கெட், பாரம்பரிய வடிவமைப்பு, பளிங்கு மேசை மேல் இருக்கிறது. மேசை பளிங்கு என்பதைக் கண்டுபிடித்த அதற்கு, உள்ளே இருப்பது மீனுக்கா ஆட்டுக்கா என்பது மட்டும் பிடிபடவில்லை. படம் பார்ப்பது ஊகம், எண் அப்படியல்ல. சட்டப்படி லேபிளில் மலாயில் எழுதியிருக்கும், அதை ஆங்கிலக் குரலில் கைப்பேசி படிக்கும்போது 'செர்புக் காரி ஈக்கான்' (மீன் கறித்தூள்தான்) என்னவோ ஐரோப்பிய மருந்து மாதிரி கேட்கும். அதை நான் சமாளித்துக்கொள்கிறேன். ஊகத்தை எப்படிச் சமாளிப்பது? சமையலறையில் கறித்தூள் மட்டுமா இருக்கிறது? சிங்க்குக்குக் கீழே வினிகரும் தரை துடைக்கும் மருந்தும் ஒரே மாதிரி புட்டியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

காலாவதித் தேதியைப் பற்றிச் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளை வைத்துத் தேதி அடிக்கிறீர்கள், சரி. அதை மினுங்கும் தாளில், புள்ளி புள்ளியாக, ஓரத்து மடிப்பில் அடித்தால் கண் உள்ளவர்களே டார்ச் அடித்துத்தான் பார்க்கிறார்கள். பார்கோடில் தேதி இருக்காது. ஆனால் இப்போது வரும் சதுரக் குறியீட்டில், கியூஆர் மாதிரி இருப்பதில், எண்ணோடு காலாவதித் தேதியையும் சேர்த்து வைக்கலாம். 2027 முடிவதற்குள் கடைக் கவுண்டர்கள் எல்லாம் அதைப் படிக்கத் தயாராக வேண்டும் என்பது ஜிஎஸ்1 உலக அளவில் வைத்திருக்கும் இலக்கு. எப்படியும் ஒரு நாள் நீங்கள் பாக்கெட் டிசைனை மாற்றத்தான் போகிறீர்கள். மாற்றும்போது எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற ஊர்களில் இது புதுசு இல்லை. ஜப்பானில் காவ் கம்பெனி 1991இலேயே ஷாம்பு புட்டியின் பக்கவாட்டில் வரிவரியாக மேடு வைத்தது. தலை நனைந்து கண்ணில் நுரையோடு நிற்பவருக்கும் அது உதவும், கண் இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி. மற்ற கம்பெனிகளும் அதையே பின்பற்றின. பிரிட்டனில் கெல்லாக்ஸ் 2020இல் தன் காலை உணவுப் பெட்டியில் நாவிலென்ஸ் என்ற வண்ணக் குறியீட்டை அடித்துச் சோதித்துப் பார்த்தது. அது சில மீட்டர் தள்ளி நின்றாலே கைப்பேசிக்குப் பிடிபடும், பாக்கெட்டைக் கையில் வைத்து உருட்ட வேண்டியதில்லை. நாவிலென்ஸ் எல்லாம் நான் உங்களிடம் கேட்கவில்லை. ஏற்கனவே அடிக்கிற கோட்டை ஒழுங்காக அடியுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

'இப்படி எத்தனை பேர் வாங்கப் போகிறார்கள்?' என்று ஒரு முதலாளி என்னிடம் நேரில் கேட்டார். பிரிக்பீல்ட்ஸில் நின்றுகொண்டு அதைக் கேட்டதுதான் வேடிக்கை. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் இருக்கிறது. துன் சம்பந்தன் சாலையின் ஐந்தடி நடைபாதையில் நாள் முழுக்க வெள்ளைக் கோல் தட்டும் சத்தம் கேட்கும். காலுக்கடியில் மேடு வைத்த மஞ்சள் ஓடு பதித்திருக்கிறார்கள், அதன் மேலேயே சில கடைக்காரர்கள் வாழைத்தாரை இறக்கி வைக்கிறார்கள், அது வேறு கதை. நாங்கள் எல்லாரும் சமைக்கிறோம், சாப்பிடுகிறோம், உங்களிடம்தான் வாங்குகிறோம்.

'வீட்டில் யாராவது பார்த்துச் சொல்ல மாட்டார்களா?' இதுவும் கேட்டார். என் வீட்டில் இருக்கிற யாராவது ஒருவர் என் வீட்டுக்காரர்தான். அவரைக் கேட்டால் "நீ சொன்னால்தான் எனக்குத் தெரியும்" என்பார்.

2008ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தில், தகவலும் தொழில்நுட்பமும் மற்றவர்களைப் போலவே எங்களுக்கும் எட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதைக் காட்டி உங்களை மிரட்ட நான் வரவில்லை. வியாபாரக் கணக்கையே சொல்கிறேன். நான் உங்களிடம் கொடுக்கிற காசை எனக்குத் தொட்டாலே தெரியும். ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி நோட்டுகள் பிளாஸ்டிக், பத்திலிருந்து காகிதம். தாளுக்குத் தாள் அளவும் மாறும். நோட்டு அடிக்கும் நம் மத்திய வங்கி, பேங்க் நெகாரா, அந்த அளவுக்கு யோசித்திருக்கிறது. அந்த நோட்டைக் கொடுத்து வாங்கிய பொருள் என்னவென்று தெரியாமல் வீட்டுக்கு வருகிறேன். பெயரைச் சொல்லும் பாக்கெட் ஒன்று, சொல்லாத பாக்கெட் ஒன்று பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஐம்பது காசு கூட இருந்தாலும் நான் எதை எடுப்பேன்? அந்த மீன் தூளைப் போட்ட கம்பெனியின் சாமானை நான் தீபாவளியோடு நிறுத்திவிட்டேன். ருசியில் ஒரு குறையும் இல்லை. நல்ல தூள்தான்.

அடுத்த தடவை பாக்கெட் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் மாதிரி ஒன்றைப் பார்வையற்றோர் சங்கத்துப் பக்கம் கொண்டு வாருங்கள். நாங்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்து, தடவிப் பார்த்து, ஸ்கேன் செய்து, அங்கேயே சொல்லிவிடுகிறோம். தேத்தண்ணி எங்கள் செலவு.

இப்படிக்கு,
பிரிக்பீல்ட்ஸிலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி

பி.கு.: போன வாரம் கடையில் பிரித்துக் கட்டிய பொட்டலம் இரண்டு வாங்கினேன். ஒன்று சீரகம், ஒன்று சோம்பு. ஸ்டிக்கரில் எண் 2 என்று தொடங்குகிறது, பெயர் சுருக்கமாக இருக்கிறதாம். இரண்டையும் இன்னும் வெட்டவில்லை. ஒன்றில் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன். எதற்காகப் போட்டேன் என்பதுதான் மறந்துவிட்டது.